மறு: பியானோவுக்குச் சுதி சேர்க்கும் கருவியின் பெயர் – முறுக்குகோல்

அன்புள்ள நண்பர்களே,

பியானோக் கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் சுதி சேர்க்கும் கைக்கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு, இதுவரை "சுரச் சுத்தியல்", "சுருதிச் சாவி", "மாடகம்" என்ற மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன. மூன்றும் சரியாகப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். "முறுக்குகோல்" என்று நான் முன்வைக்கிறேன். அந்தக் கருவியை இங்கேயே செய்து பயன்படுத்தியதில் தோன்றிய பெயர் இது.

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மாதா கோயிலில் பழைய பியானோ ஒன்று இருக்கிறது. பாம்பன் பாலத்து இரும்பையே அரிக்கிற உப்புக்காற்று அதன் கம்பிகளை மட்டும் விட்டுவைக்குமா? துரு ஒரு பக்கம் என்றால் ஈரம் இன்னொரு பக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் மரத்தாலான ஒலிப்பலகை ஈரத்தை உறிஞ்சிப் புடைத்துக் கம்பிகளை மேலும் இறுக்கும், சுதி ஏறிவிடும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மரம் காய்ந்து சுதி இறங்கும். ஒவ்வொரு முறையும் வெளியூரிலிருந்து ஆள் வரவழைக்க முடியாது. ஆகவே கருவியை நாங்களே செய்துகொள்வது என்று முடிவானது.

வேலை எங்கே சிக்கலாகிறது என்று பார்த்தால்தான் பெயரும் சரியாக அமையும். பியானோவில் விரலால் அழுத்தும் கட்டைகள் 88, ஏறத்தாழ 230 கம்பிகள். எல்லாக் கம்பிகளும் சேர்ந்து 15 டன்னுக்கு மேல் இழுக்கின்றன. ஒவ்வொரு கம்பியும் ஓர் எஃகு ஆணியில் சுற்றியிருக்கிறது. அந்த ஆணியை இறுக்கிப் பிடிப்பது மரப்பலகையின் உராய்வு மட்டுமே. நட்டு எதுவும் கிடையாது. ஆணியின் தலை சதுரமானது, மேலே போகப் போகச் சற்றுக் குறுகும். சாதாரண ஸ்பானரைப் போட்டால் அது ஆடி ஆடி மூலைகளைத் தேய்த்துவிடும். மூலை தேய்ந்த ஆணியை அப்புறம் பிடிப்பதே பெரும்பாடு.

கீழக்கரையில் போட் எஞ்சின் வேலை செய்யும் லேத் பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார், காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவோம். இரும்புத் தடியின் நுனியில் துளை போட்டு, பழுக்கக் காய்ச்சி, ஆணித்தலை அளவுக்குத் தேய்த்த எஃகு முனையை அதில் அடித்து இறக்கினார். பிறகு அந்த முனையை 45 பாகை திருப்பி மறுபடியும் இறக்கினார். துளை எட்டு மூலை நட்சத்திரமாகிவிட்டது. வெறும் சதுரத் துளையாக இருந்தால் கைப்பிடியை நான்கு நிலைகளில்தான் மாட்ட முடியும். நட்சத்திரம் என்றால் எட்டு நிலைகள். ஆணிகள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் இது பெரிய உதவி. துளையின் உட்புறமும் ஆணியைப் போலவே குறுகுவதால் மாட்டினால் ஆடுவதில்லை.

கைப்பிடியைக் கனமான தடியில், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துப் பற்றவைத்தோம். அது சிறிதும் வளையக் கூடாது. ஆணியின் தலை திரும்பியும் மரத்துக்குள் இருக்கும் அடிப்பகுதி அசையாமல் இருப்பது உண்டு. அப்போது ஆணி முறுக்கிக்கொண்டு நிற்கும்; நாலு தடவை அழுத்தி வாசித்ததும் பழைய இடத்துக்கே போய்விடும். கைப்பிடியும் வளைந்தால், ஆணி உண்மையிலேயே திரும்பியதா என்று கைக்குத் தெரியாது. ஆகவே வேண்டிய சுதிக்கு ஒரு மயிரிழை மேலே ஏற்றி, மெல்லத் தளர்த்தி, கட்டையைப் பலமாகத் தட்டி ஆணியை அமர்த்த வேண்டும். இந்த நுட்பத்துக்கு "ஆணி அமர்த்தல்" என்ற பெயர் போதும்.

எவ்வளவு நுணுக்கம் தேவை என்பதற்கு ஒரு கணக்கு. விநாடிக்கு 220 அதிர்வு கொண்ட 'ஏ' என்ற மேலைச் சுரத்தையும் அதற்கு மேலுள்ள 'ஈ'யையும் சேர்த்து ஒலிக்கும்போது, சம இடைவெளி முறையில் (ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பிரிக்கும் முறை) விநாடிக்கு ஏறத்தாழ முக்கால் விம்மல், அதாவது ஒலி கூடிக் குறையும் அலைவு, கேட்க வேண்டும். (விம்மல் பள்ளி இயற்பியல் பாடநூலில் நிலைபெற்ற சொல், அதை மாற்ற வேண்டாம்.) இரண்டு சுரமும் முழுத் தூய்மையாக இணைந்தால் அந்த இடம் இனிக்கும், ஆனால் வேறொரு இடத்தில் கணக்கு இடிக்கும்.

இனி பெயருக்கு வருகிறேன். ஐரோப்பியர் இதைச் சுத்தியல் என்று அழைத்ததற்குக் காரணம் உண்டு. பழைய கருவியின் தலை சுத்தியல் போலவே இருந்தது, ஆணியை மரத்தில் அடித்து இறக்கவும் அது பயன்பட்டது. இன்று அந்தத் தேவை இல்லை. அதைவிட முக்கியம், பியானோவுக்குள் கம்பியைத் தட்டும் சுத்தியல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரே பாடத்தில் இரண்டு சுத்தியல் வந்தால் படிக்கும் பிள்ளை குழம்பிவிடும். "சாவி"யிலும் அதே தொல்லை: பியானோக் கட்டைகளையே சிலர் சாவிகள் என்று மொழிபெயர்க்கிறார்கள். போர்ச்சுகீசியச் சொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. ஜன்னலும் மேசையும் அப்படி வந்தவைதான்.

"மாடகம்" என்று எழுதிய ஐயாவின் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அது பெரும்பாலும் யாழின் முறுக்காணியை, அதாவது நரம்பை இறுக்கும் ஆணியை, குறிப்பதாகவே தெரிகிறது. நமக்கு வேண்டியது ஆணிக்கு அல்ல, அதைத் திருப்பும் கோலுக்கு. வயலின்காரர்கள் சொல்லும் "முறுக்காணி"யையே பியானோ ஆணிக்கும் வைத்துக்கொள்ளலாம். முறுக்காணியைத் திருப்புவது முறுக்குகோல். திறவுகோல், ஊன்றுகோல் வரிசையில் இயல்பாகச் சேர்கிறது. வினைத்தொகை என்பதால் நடுவில் 'க்' மிகாது; "முறுக்குக்கோல்" என்று எழுத வேண்டாம்.

பாக்கி இருப்பது ஒன்று. ஒரே சுரத்துக்கு மூன்று கம்பிகள் இருக்கும் இடத்தில் ஒன்றை மட்டும் கேட்க, மற்ற இரண்டையும் அடக்கச் செருகும் ரப்பர் துண்டு. நாங்கள் பழைய செருப்பை வெட்டிச் செய்தோம். அதற்கு "அடக்காப்பு" (அடக்கு + ஆப்பு) என்று ஒருவர் எழுதியிருந்தார். காதில் "காப்பு" என்று விழுகிறது. வெறும் "ஆப்பு" போதும் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.