வீட்டுக்கு பைபர் (கண்ணாடி இழை வழியா வர்ற இன்டர்நெட்) வந்தபிறகு மறக்க முடியாத ஒரு சம்பவம் – சுங்கை சிப்புட் பக்கத்து ஆளுங்க சொல்லுங்க

லயத்துப்பிள்ளை
மகள் பல்கலைக்கழக விண்ணப்பம் அனுப்ப உட்கார்ந்த ராத்திரிதான் இன்டர்நெட் பொட்டியில சிவப்பு லைட். மறுநாள் பழுது பார்க்க வந்த தம்பி, வயர்ல வர்ற வெளிச்சத்தை அளக்கிற மீட்டரைச் செருகினார். மைனஸ் 31. "மைனஸ் 27ஐத் தாண்டினா பொட்டிக்கு வெளிச்சம் பத்தாதுக்கா"ன்னார். பேனா மாதிரி ஒரு சிவப்பு டார்ச்சை அந்த மெல்லிசு மஞ்சள் வயர் முனையில மாட்டிட்டு, ரூம் லைட்டை அணைக்கச் சொன்னார். அலமாரிக்குப் பின்னால ஒரே ஒரு இடம், கனிஞ்ச கரித்துண்டு கணக்கா சிவப்பா எரியுது. வயர் மடங்கி, வெளிச்சம் அங்கேயே வெளிய கசியுது. தீபாவளிக்குச் சாயம் அடிச்சிட்டு அலமாரியை அங்க தள்ளினது நான்தான். நிமிர்த்தி விட்டதும் மைனஸ் 22. கண்ணை மூடினா அந்தச் சிவப்புப் புள்ளிதான் தெரியுது.

செம்பனைக்காட்டான்
அக்கா, உங்களுக்கு ஒரு வீட்டோட போச்சு. எங்க தாமான்ல (குடியிருப்புல) வரிசையா எல்லாருக்கும் லைன் வரும், போகும். மூணு வாரம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வர்ற ஒரே கண்ணாடி இழையைத்தான் தெருவுல 32 வீட்டுக்குப் பிரிக்கிறாங்க. வீட்டுலேருந்து திரும்பிப் போற வெளிச்சம் ஒவ்வொண்ணும் தன் முறை வந்தாத்தான் பேசணும். கடைசி வீட்டுத் தாத்தா பொட்டி பழுதாகி, முறை பார்க்காம விடாம எரிஞ்சிருக்கு. அதைக் கழட்டினதும் எல்லா வீட்டுலயும் பச்சை. அவர் வீட்டாலதான் தெருவே தவிச்சது. அந்தப் பொட்டியை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு அவர் கேட் ஓரமா நின்னாரு, யாரும் ஒரு வார்த்தை பேசல.

கிராணி மகன்
"அவர் வீட்டால"ன்னு எழுதாதீங்க தம்பி. பொட்டி பழுதானா பெரியவர் என்ன செய்வார்? மூணு வாரமா ஒவ்வொரு வீடா கழட்டிப் பார்க்காதது வந்து பார்த்தவங்க தப்பு.

என் கதை வேற. அப்பா தனியா இருக்கார், கைப்பேசி பழக்கமில்ல. புயல் மழை, கரண்ட் இல்ல, ராத்திரி 2 மணிக்குக் குளியலறையில விழுந்துட்டார். தவழ்ந்து வந்து போனை எடுத்திருக்கார், சத்தமே இல்ல. பழைய செம்புக் கம்பியில எக்ஸ்சேஞ்சே கரண்ட் அனுப்பும், வீடு இருட்டானாலும் போன் பேசும். பைபர்ல போனும் பொட்டி வழியாத்தான், பொட்டி செத்தா போனும் செத்தது. மாத்திக் கொடுத்தவங்க ஒருத்தரும் இதை அவர்கிட்ட சொல்லல. விடிஞ்சு பக்கத்து வீட்டம்மா பார்த்தப்ப ரிசீவர் மேசையிலிருந்து தொங்கிக்கிட்டு இருந்துச்சாம். நான் ஈப்போவில நல்லா தூங்கிக்கிட்டு இருந்தேன்.

பழைய லைன்மேன்
எனக்கு நடந்தது சின்னது: செம்பனைக் குலை ஏத்தின லோரி எங்க வீட்டு வயரை அறுத்துட்டுப் போச்சு, மழையில குடையைப் பிடிச்சுக்கிட்டு ஒட்ட வச்சோம். முடிஞ்சது.

ஆனா கேளுங்க. 32 வீட்டுக்குப் பிரிக்கிறதுலயே ஏறக்குறைய 17 டெசிபல் (வெளிச்சம் குறையுறதை அளக்கிற கணக்கு) போயிடும். சாதாரண அமைப்புல வழியில இழக்கக்கூடிய மொத்தக் கையிருப்பே 28தான். நல்ல கண்ணாடியில ஒரு கிலோமீட்டருக்கு அரை டெசிபல்கூடப் போகாது. தங்கச்சி, உங்க அலமாரி தின்னது 9. எக்ஸ்சேஞ்ச் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் கண்ணாடி அவ்வளவு தின்னாது! அதனால வயரை ஆணி அடிச்சு இறுக்காதீங்க, மிச்சத்தை உள்ளங்கை அகலத்துக்கு வட்டமா சுத்தி வைங்க. வயர் முனையில இருக்கிற பச்சைத் தலையைக் கழட்டினா மூடி போடுங்க, விரல் எண்ணெய் பட்டாலே போதும், வெளிச்சம் குறையும். முனையைக் கண்ணுக்கு நேரா வச்சுப் பார்க்கவே கூடாது. இன்டர்நெட் கொண்டு வர்ற வெளிச்சம், டார்ச் மாதிரி இல்ல, கண்ணுக்குத் தெரியாது, தெரியலைங்கிறதுக்காக இல்லைன்னு ஆகாது.

கிராணி மகன், அப்பா வீட்டுக்கு ஒரு சின்ன யூபிஎஸ் (கரண்ட் போனா ஓட்டுற பேட்டரி) வாங்கி வைங்க. பெரும்பாலான பொட்டி 12 வோல்ட்தான், அடாப்டர்ல போட்டிருக்கும், பார்த்து வாங்குங்க. ரௌட்டர் தனியா இருந்து போன் அதுல மாட்டியிருந்தா அதுக்கும் சேர்த்து. தெருப் பிரிப்பான் வெறும் கண்ணாடி, அதுக்குக் கரண்டே வேணாம். எக்ஸ்சேஞ்சில பேட்டரி இருக்கு. உங்க வீட்டுப் பொட்டி மட்டும் உயிரோட இருந்தா போன் பேசும்.

செம்பனைக்காட்டான்
அண்ணே, சரி, அந்த வார்த்தை தப்புதான். நேத்து தாத்தா வீட்டுக்குப் போனேன். புதுப் பொட்டி மாட்டியிருக்கு. "இப்ப எல்லார் வீட்லயும் வருதாய்யா?"ன்னுதான் முதல்ல கேட்டார்.