பால் கொடுக்கும் தாய்க்கு நாய்க்கடி ஊசி: தொண்டி பக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அவசரமாக ஒரு உதவி வேண்டும்.

நேற்று பாம்பனில் கருவாடு காயப்போட்ட இடத்தில் தம்பி மனைவியை நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. பல் பதிந்து ரத்தம் வந்தது. குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (வெறிநோய்க் கிருமியை உடனே தடுக்கும் எதிர்ப்பு மருந்து), இரண்டு கையிலும் தோலுக்குள் தடுப்பூசி, எல்லாம் இலவசமாகவே போட்டார்கள்.

சிக்கல் வீட்டில்தான். கைக்குழந்தைக்காரி. "விஷம் பாலில் இறங்கும், கொடுக்காதே" என்று அம்மா தடுக்கிறார். பிள்ளை புட்டிப்பாலைத் துப்புகிறது, இவளுக்கோ பால் கட்டி வலி. இது உயிரற்ற வைரஸில் செய்த ஊசி, கர்ப்பிணிக்கும் போடலாம், பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அம்மாவுக்கு டாக்டரைவிடப் பக்கத்து வீட்டு மதினி பெரிய டாக்டர்!

அடுத்து 3, 7, 28ஆம் நாள் ஊசிகள் பாக்கி. நாளை தொண்டியில் அவள் தாய்வீட்டுக்குப் போகிறாள். தொண்டியிலோ திருவாடானையிலோ எந்த அரசு மருத்துவமனையில் இந்த ஊசி இருப்பில் இருக்கிறது? எத்தனை மணிக்குப் போக வேண்டும்? இங்கே கொடுத்த சீட்டைக் காட்டினால் போதுமா?

அப்புறம், பால் கொடுக்கும் காலத்தில் இந்த ஊசி போட்டுக்கொண்ட அக்கா, தங்கச்சிகள் யாராவது ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.