ஒரே மண், ஒரே நீர்: ஓரியண்டல் லில்லிகளில் ஒன்று மட்டும் மஞ்சளாவது ஏன்?

கேள்வி

வணக்கம். ஓரியண்டல் லில்லி என்ற பெயரில் வாங்கிய காசா பிளாங்கா, பிளாக் பியூட்டி ஆகிய இரண்டு வகைகளை ஒரே மண் கலவையில், ஒரே அளவுத் தொட்டிகளில் வளர்த்து வருகிறேன். பிளாக் பியூட்டி கரும்பச்சை இலைகளோடு செழித்து நிற்கிறது. காசா பிளாங்காவின் நுனி இலைகளோ வெளிறிக்கொண்டே போகின்றன. இலைப்பரப்பு முழுவதும் எலுமிச்சை மஞ்சளாக மாறிய பிறகும் நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சைக் கோடுகளாகத் தெளிவாகத் தெரிகின்றன. அடியிலைகளில் பாதிப்பு இல்லை. தழைச்சத்து உரம் கொடுத்தும் பலனில்லை. இரண்டும் ஒரே இனம் என்றால் ஒன்று மட்டும் ஏன் நலிகிறது?

மறுமொழி 1

தழைச்சத்துக் குறைபாடாக இருந்தால் முதலில் அடியிலைகள்தான் மஞ்சளாகும். நரம்பு பச்சையாக இருக்க இளம் இலைகள் வெளிறுவது இரும்புச்சத்து கிடைக்காததன் அடையாளம். எந்த நீரை ஊற்றுகிறீர்கள்? தொட்டியில் வெண்படிவம் ஏதும் உண்டா?

கேட்டவர்

ஆழ்குழாய்க் கிணற்று நீர்தான். தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவம் இருக்கிறது. விரலால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது. ஆனால் பிளாக் பியூட்டிக்கும் அதே நீரைத்தான் ஊற்றுகிறேன்.

மறுமொழி 2

உங்கள் கேள்விக்கான விடை இந்த இரண்டு செடிகளின் பூர்வீகத்தில் இருக்கிறது. ஓரியண்டல் கலப்பினங்களின் முதன்மையான மூதாதையர்கள் ஜப்பானின் காட்டு லில்லிகள். அவற்றுள் லிலியம் ஆராட்டம் ஹோன்ஷு தீவுக்கு உரியது. எரிமலைச் சாம்பலும் கற்துகள்களும் கலந்த, நீர் தேங்காத, அமிலத்தன்மையுள்ள சரிவுகளில் வளர்வது. வெள்ளை இதழின் நடுவே பொன்னிறப் பட்டை ஓடும் இந்த மலர் 1862இல் இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது பெரும் வியப்பை ஏற்படுத்தியது. இன்னொரு மூதாதையான லிலியம் ஸ்பெசியோசம், ஜப்பானின் தென்பகுதித் தீவுகளைச் சேர்ந்தது. இதன் ஒரு வகை சீனாவிலும் தைவானிலும் உண்டு. இவ்விரண்டையும் கலந்து புதிய செடியை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர், அமெரிக்க வரலாற்றாசிரியரான பிரான்சிஸ் பார்க்மன்; அது 1860களில் நடந்தது. நெதர்லாந்தில் உருவான காசா பிளாங்கா இந்த ஜப்பானிய மரபில் வந்தது. சுண்ணாம்பைத் தாங்காத குணமும் அந்த மரபோடு வந்ததே.

பிளாக் பியூட்டியின் பிறப்பு வேறு. 1950களில் அமெரிக்க லில்லி வளர்ப்பாளர் லெஸ்லி உட்ரிஃப் அதை உருவாக்கியபோது, ஸ்பெசியோசத்தோடு அவர் சேர்த்தது நடுச்சீனத்தைச் சேர்ந்த லிலியம் ஹென்ரியை. அயர்லாந்தைச் சேர்ந்த அகஸ்டின் ஹென்றி 1880களில் யாங்சி ஆற்றின் யிச்சாங் பகுதியில் கண்டறிந்த லில்லி அது. சுண்ணாம்புப் பாறைகளிலேயே வேர் பிடித்து வளரும் அதன் வன்மை பிளாக் பியூட்டிக்கும் வாய்த்திருக்கிறது. விற்பனையில் ஓரியண்டல் என்ற பெயரில் வந்தாலும் அதைத் தூய ஓரியண்டல் பிரிவில் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே உங்கள் மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல சிக்கல். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்பு கலந்த கடின நீர் தொடர்ந்து சேரச் சேர மண்ணின் பிஎச் அளவு (அமில, காரத் தன்மையின் அளவு) உயர்ந்து, இருக்கிற இரும்பும் கரையாமல் நின்றுவிடுகிறது. காசா பிளாங்காவின் வேருக்கு அது எட்டுவதில்லை. மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். உடனடி நிவாரணத்துக்கு இரும்பு கீலேட் (இரும்பைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் சேர்மம்) கரைசல் கொடுக்கலாம்; ஆனால் இடிடிஏ (EDTA) வகை காரமண்ணில் செயலிழந்துவிடும் என்பதால் இடிடிஎச்ஏ (EDDHA) வகையையே கேட்டு வாங்குங்கள். தண்டு காய்ந்து கிழங்கு உறக்கநிலைக்குச் சென்ற பிறகு, பிஎச் 5.5 முதல் 6.5 வரையுள்ள புதிய கலவைக்கு மாற்றுங்கள். கிழங்குக்கு மேலே தண்டிலிருந்தும் வேர்கள் விடும் என்பதால், சுமார் 15 செ.மீ. ஆழத்தில் நட்டு மேலேயும் அதே கலவையையே நிரப்ப வேண்டும்.

மறுமொழி 3

நானும் இதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மஞ்சள் நிறம் நரம்புகளைப் பொருட்படுத்தாமல் திட்டுத்திட்டாகப் படர்ந்து, இலையும் முறுக்கிக்கொண்டால் அது நச்சுயிரித் தாக்குதலாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. அசுவினிப் பூச்சிகள் மூலம் பரவும் என்பதால் அந்தச் செடியை அகற்றிவிடுவதே மற்றவற்றுக்குப் பாதுகாப்பு.

கேட்டவர்

இலைகள் முறுக்கவில்லை, நரம்புகள் சீராகப் பச்சையாகவே உள்ளன. மிக்க நன்றி. அடுத்ததாக ஸ்டார்கேஸர் என்ற ஓரியண்டல் லில்லியை வாங்க எண்ணியிருந்தேன். அது இந்த நீரைத் தாங்குமா?

மறுமொழி 2

தாங்காது. அதுவும் உட்ரிஃப் உருவாக்கியதுதான், 1970களில் வந்தது. முந்தைய ஓரியண்டல்களின் பூக்கள் பெரும்பாலும் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ சாய்ந்திருக்க, மேல்நோக்கி மலர்ந்ததால்தான் அது அவ்வளவு புகழ் பெற்றது. ஆனால் அதன் வேர் கேட்பதும் அமில மண்ணையே. மழைநீர் போதிய அளவு கிடைக்கும் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் ஓரியண்டலையும் எக்காள லில்லிகளையும் கலந்து பெற்ற ஓரியன்பெட் வகைகளில், ஹென்ரி மரபு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். நறுமணமும் கிடைக்கும், உங்கள் நீரையும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்.