சூரியன் இல்லாமல் உயிர் இல்லையா?

ஆழ்கடலோடி: 'பூமியிலுள்ள எல்லா உயிருக்கும் ஆற்றல் தருவது சூரியனே' என்று இன்னும் எத்தனை காலம் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்வோம்? 1977-இல் ஆல்வின் நீர்மூழ்கி பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுகள் அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியபோதே அந்தக் கதை முடிந்துவிட்டது. கடலடி வெந்நீர் ஊற்றைச் சுற்றி ஆளுயரத்துக்கு வளரும் குழாய்ப்புழுக்கள். வாய் கிடையாது, குடலும் கிடையாது. உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியா, ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவை எரித்துச் சோறு போடுகிறது. அந்தப் பயணத்தில் ஒரு உயிரியலாளர்கூட இல்லை, போனவர்கள் பாறை ஆராய்ச்சிக்காரர்கள்!

பச்சையம்: எரித்து என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே சார், எரிக்க ஆக்சிஜன் வேண்டாமா? புழுவின் சிவப்புக் கொண்டை சிவந்திருப்பதே ஹீமோகுளோபினால்தான். அது சல்ஃபைடையும் ஆக்சிஜனையும் ஒருசேரப் பிடித்து உள்ளே அனுப்புகிறது. அந்த ஆக்சிஜன் மேலே வெயிலில் பாசிகளும் செடிகளும் விட்டது. துருவப் பகுதியில் குளிர்ந்து அமிழும் நீரோடு அடிவரை வந்து சேருகிறது. அங்கே வெயில் படாது, சரி. வெயிலின் தயவில்தான் பிழைப்பு ஓடுகிறது.

ஆழ்கடலோடி: ஆக்சிஜனே வேண்டாதவர்களை வசதியாக விட்டுவிட்டீர்கள். அதே ஊற்றுகளில் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு மீத்தேன் உண்டாக்கிப் பிழைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில் 2.8 கி.மீ. ஆழத்தில் பாறை இடுக்கு நீரை எடுத்துப் பார்த்தார்கள். அதிலிருந்த நுண்ணுயிர்களில் 99.9 சதவீதத்துக்கு மேல் ஒரே வகை பாக்டீரியா. 2008-இல் வெளிவந்த முடிவு. யுரேனியக் கதிர்வீச்சு நீரைப் பிளந்து தரும் ஹைட்ரஜன்தான் அதற்குத் தீனி. இதில் வெயில் எங்கே வந்தது?

பச்சையம்: ஒரு பாக்டீரியாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெந்நீர் ஊற்றிலும் கூட்டம் அலைமோதும், இனங்களை எண்ணினால் சொற்பம். மழைக்காட்டுக்கு வாருங்கள். வெயிலும் மழையும் கூடக்கூட இனங்களும் கூடும். நிலநடுக்கோட்டை ஒட்டி இத்தனை வகை இருப்பது சும்மா இல்லை.

புதர்க்காடு: குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும், அந்தக் கணக்கு இடிக்குது. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் ஃபின்போஸ் என்ற புதர்க்காடு. சத்தில்லாத மணல், காய்ந்த கோடை, அவ்வப்போது தீ. மரம் என்று சொல்ல அதிகம் ஒன்றும் இருக்காது. ஆனால் அந்தப் பகுதியில் மட்டும் சுமார் 9,000 தாவர இனங்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு உலகில் வேறெங்குமே இல்லை. இன்னொரு பக்கம், வட அமெரிக்கக் கிழக்குக் கரையின் உப்புச் சதுப்பில் விளைச்சல் அமோகம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே வகைப் புல்.

பச்சையம்: கேப் ஒரு விதிவிலக்கு.

புதர்க்காடு: தென்மேற்கு ஆஸ்திரேலியாவுமா? அங்கேயும் கிழடுதட்டிய வறட்டு மண், ஆயிரக்கணக்கில் இனங்கள். எவ்வளவு ஆற்றல் வருகிறது என்பதோடு, பனியுகங்களில் அந்த நிலம் எவ்வளவு குலையாமல் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்க. குலையாத நிலத்தில்தான் இனங்கள் அழியாமல் சேர்ந்துகொண்டே போகும்.

ஆழ்கடலோடி: நீங்க ரெண்டு பேரும் செடிக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருங்க. ம்போனெங்குக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.