அம்மாவ வெளிய நிறுத்தின வருஷங்க

பச்சக்குழந்தைங்க வார்டுல 11 வருஷம் சிஸ்டரா இருந்தேன். அதுல முக்காவாசி வருஷம் அம்மாங்கள உள்ள விடவே மாட்டோம், பால் பீய்ச்சிக் குடுத்துட்டு போயிடணும். இன்ஃபெக்ஷன் வந்துடும்னு சொல்லிக் குடுத்தாங்க, நானும் அத நம்பித்தான் கதவச் சாத்தினேன். உள்ள பாத்தா ஒரு வார்மர்ல (சூடு குடுக்குற கட்டில்) ரெண்டு குழந்தை, சில நாள் மூணு, நைட்டுக்கு நான் ஒருத்தி. ஒண்ணத் தொட்டுட்டு அடுத்தத தொடுறதுக்குள்ள கை கழுவணும்னு தெரியும், ஆனா அந்தப் பக்கம் ஒண்ணு மூச்ச நிறுத்துனா ஓடத்தான செய்வோம். அம்மா கை அழுக்குன்னு வெளிய நிறுத்திட்டு எங்க கையாலயே கிருமியக் கொண்டுபோய்க் குடுத்திருக்கோம்.

1,200 கிராம் குழந்தை ஒண்ணு. நாலாவது நாள் உடம்பு சில்லுன்னு ஆச்சு (இவ்ளோ சின்னதுங்களுக்கு செப்சிஸ்னா, அதாவது கிருமி தாக்கி உடம்பு முழுக்க சீர்கெட்டா, காய்ச்சலே வரணும்னு இல்ல, பல நேரம் சில்லிட்டுத்தான் போகும்), பால் இறங்கல, விடியக்காலைல போயிடுச்சு. அந்த அம்மா, "ஒரு தடவையாவது கைல குடுத்திருக்கலாம்ல சிஸ்டர்"னு கேட்டாங்க. பதில் சொல்ல வாய் வரல.

குழந்தைய வெறும் நெஞ்சோட அணைச்சுக் கட்டி வெக்குற கங்காரு முறை தெரியாதுன்னு இல்ல. 1978-லயே கொலம்பியால, பொகோட்டால டாக்டர் எட்கர் ரே ஆரம்பிச்சது, அங்கயும் இன்குபேட்டர் பத்தாம, இன்ஃபெக்ஷன்ல குழந்தைங்க போய்க்கிட்டு இருந்ததாலதான். ஆனா குழந்தை நிலமை சீரானப்புறம்தான் நெஞ்சுல போடணும்னு வெச்சிருந்தோம், சீராகுறதுக்கு முன்னாடியே போறதுங்கதான் அதிகம். அப்புறம் 2021-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியான்னு அஞ்சு நாட்டுல, 1 கிலோல இருந்து 1.8 கிலோக்குள்ள பொறந்த 3,211 குழந்தைங்க. காத்திருக்காம பொறந்ததும் நெஞ்சுல போட்டதுல 28 நாளைக்குள்ள இறந்தது 12 சதவீதம், பழைய முறைல 15.7. செப்சிஸ் சந்தேகமும் அம்மாகிட்ட இருந்த குழந்தைங்களுக்குத்தான் கம்மி. பலன் தெளிவா தெரிஞ்சதால ஆராய்ச்சியவே முன்கூட்டி நிறுத்திட்டாங்க. அத படிச்சப்ப எனக்கு அந்த அம்மா முகம்தான் வந்துச்சு.

*

நான் லேப்ல இருக்கேன். சிஸ்டர் சொல்ற கிருமிய பிளேட்ல தினமும் பாக்குறவன். குழந்தைகிட்ட இருந்து வர்றது ஒரு எம்எல் ரத்தம், சில நேரம் அதுவும் இல்ல, அதுல கல்ச்சர் போட்டு, கிருமி வளந்து எந்த மருந்து கேக்கும்னு சொல்ல ரெண்டு மூணு நாள் ஆயிடும். டெல்லில மூணு பெரிய ஆஸ்பத்திரில 2011-ல இருந்து 2014 வரைக்கும் பாத்த ஆராய்ச்சில, செப்சிஸ்ல மூணுல ரெண்டு பங்கு பொறந்த 72 மணி நேரத்துக்குள்ளயே வந்திருக்கு. அப்ப என் ரிப்போர்ட் எப்ப போய்ச் சேரும்? அந்த ஆராய்ச்சில அதிகமா வந்த கிருமி அசினெட்டோபாக்டர், அடுத்து கிளெப்சியெல்லா, ரெண்டுலயும் பாதிக்கு மேல பல மருந்துக்கு அடங்காதது. எத்தனையோ தடவ ரிப்போர்ட் ரெடின்னு வார்டுக்கு போன் போட்டா, "அந்த பெட் காலி சார்"ம்பாங்க. அந்தத் தாள ஃபைல்லயாவது வைங்கன்னுதான் சொல்வேன், அடுத்த குழந்தைக்கு மருந்து எடுக்குறப்ப டாக்டருக்கு உதவும்.

*

எங்க பொண்ணு 1,380 கிராம். போன வருஷம் பொறந்தா. மனைவிக்கு பிபி ஏறி அவங்க ஐசியூல, குழந்தையப் பாத்துக்க யாரும் இல்ல. சிஸ்டர் வந்து, "சட்டையக் கழட்டிட்டு உக்காருங்க"ன்னாங்க. நான் தொட்டா ஏதாவது ஆயிடுமோன்னு கை நடுங்குது. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவ வெச்சு, துணிய சுத்தி நெஞ்சோட கட்டிவிட்டாங்க. ரெண்டு நாள் நான், அப்புறம் குழந்தையோட அம்மா. ராத்திரி மூணு மணிக்கு அவ மூச்சு என் கழுத்துல படும், சிஸ்டர் வந்து பாதத்த தொட்டுப் பாத்து, "சூடா இருக்கா, அசையாதீங்க"ன்னுட்டு அடுத்த பெட்டுக்குப் போவாங்க.