புதுப்பிப்பு: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் புழுக்கத்தில் 28 மி.மீ. உயரப் படை பொம்மைகளுக்கு வேகமாக வண்ணம் தீட்டுவது

1879 ஆங்கிலோ-சூலு போர் (பிரிட்டிஷ் படையும் சூலு படையும் மோதியது) பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தீட்டாமல் கூட்டமாக முடிக்க வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, படை தயார்.

பலித்தது, கருப்பு பிரைமர் (அடிப்பூச்சு) காய்ந்ததும் மேலிருந்து மட்டும் வெள்ளை ஸ்ப்ரே விடச் சொன்ன அண்ணனின் யோசனைதான். நிழலும் வெளிச்சமும் அதிலேயே வந்துவிடுகிறது, அதன்மேல் கான்ட்ராஸ்ட் பெயிண்ட் (பள்ளத்தில் அடர்த்தியாகவும் மேட்டில் மெலிதாகவும் படியும் வண்ணம்) ஒரே பூச்சு. பிரிட்டிஷ் சிப்பாய்களின் சிவப்பு மேலங்கியை எல்லா பொம்மைக்கும் முடித்துவிட்டு அப்புறம் நீலக் கால்சட்டை, அப்புறம் பெல்ட் என்று போனால் தூரிகையை அடிக்கடி கழுவ வேண்டியதில்லை. தொப்பியைப் பளிச்சென்று வெள்ளையாக விடாதீர்கள். அந்தச் சிப்பாய்கள் தேநீர் தடவி அதை மங்க வைத்தவர்கள், பழுப்பு வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) ஒன்று போதும். சூலு கேடயங்களுக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி ஒத்துவரவில்லை. மாட்டுத்தோல் திட்டுகளைக் கையால்தான் வைத்தேன், ரசித்துச் செய்ததும் அதைத்தான்.

எதிர்பாராதது வார்னிஷ். ஜனவரி ஈரக்காற்றில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்ததும் சில பொம்மைகள் வெளுத்துப் பூத்துவிட்டன. தூரிகையால் பளபளப்பு வார்னிஷ் பூசியதும் தெளிந்தது, அது காய்ந்தபின் மேட் வார்னிஷையும் தூரிகையாலேயே பூசினேன். வார்னிஷே வேண்டாம் என்று விட்டால், கைபடும் விளிம்புகளில் கான்ட்ராஸ்ட் தேய்ந்து போகும்.