ரேடியல் (மணிக்கட்டுத் தமனி) வழி ஆஞ்சியோவில் வயர் முழங்கையில் முட்டுகிறது: லூப்பா (தமனி சுருண்ட வளையம்), ஸ்பாசமா (தமனி இறுக்கம்)?

கடலூர்_கேத்டெக்:
வலது மணிக்கட்டில் பங்க்சர் சுலபமாக விழுகிறது, ரத்தமும் பீறிட்டு வருகிறது, ஷீத்தும் (நுழைவுக் குழாய்) உள்ளே போய்விடுகிறது. ஆனால் 0.035 இன்ச் வயர் முழங்கை தாண்டாது. சில பேருக்கு வயர் போய்விடும், அதன் மேல் ஏற்றும் கதீட்டர்தான் (இதயம் வரை போகும் மெல்லிய குழாய்) மேல்கையில் இறுகும். இரண்டும் ஒரே பிரச்சினையா? உடனே தொடைக்கு மாறிவிட வேண்டுமா?

புதுவை_ஆஞ்சியோ:
இரண்டும் வேறு. எதுவானாலும் வயரைத் தள்ளாதீர்கள். ஷீத்தின் பக்கக் குழாய் வழியாக 3 மி.லி. கான்ட்ராஸ்டை (எக்ஸ்ரேயில் தெரியும் சாயம்) ரத்தம் கலந்து மெதுவாக விட்டு ஒரு படம் எடுங்கள், முழங்கை முழுதும் தெரியும்படி. 2009ல் 1540 பேரிடம் செய்த ஆய்வில் 13.8% பேருக்கு ரேடியல் அமைப்பில் ஏதோ ஒரு மாறுபாடு இருந்தது. அதிகம் கண்டது உயரத்திலேயே பிரியும் ரேடியல், 7%. முழு லூப் 2.3%தான், ஆனால் லூப் இருந்தவர்களில் 37% பேருக்கு ரேடியல் வழி தோற்றது.

உயரப் பிரிவு என்றால் ரேடியல் அக்குளிலோ மேல்கையிலோ கிளம்பி நீளமாக, மெல்லியதாக வரும். வயர் போகும், கதீட்டர்தான் பிடிபடும். ஸ்பாசம் தளர நைட்ரோகிளிசரின் 200 மைக்ரோகிராம், வெராபமில் 2.5 மி.கி. கொடுத்து 5 எஃப் (ஃபிரெஞ்ச், கதீட்டர் தடிமன் அளவு) கதீட்டருக்கு இறங்குங்கள்.

லூப்பில் வேறு ஆபத்து. வளைவின் உச்சியில் சின்ன ரெக்கரண்ட் கிளை ஒன்று தோள் பக்கம் போகும். வழுக்கும் வயர் அதில் 'சல்லென்று' ஏறிவிடும், வழி கிடைத்துவிட்டது என்று கை ஏமாறும். அதன் மேல் கதீட்டரை ஏற்றினால் கிளை கிழியும். இங்கே 0.014 இன்ச் கரோனரி வயரால் வளைவைக் கடந்து, 6 எஃப் கதீட்டர் நுனியில் 2 மி.மீ. பலூனை (5 எஃப் என்றால் 1.5) பாதி வெளியே நீட்டி, 3 முதல் 6 அட்மாஸ்ஃபியர் ஊதி, இரண்டையும் சேர்த்து நகர்த்துங்கள். நுனியின் கூர்விளிம்பு சுவரைச் சுரண்டாது. தாண்டியதும் மெல்ல இழுத்தால் லூப் நேராகும். வலித்தால் நிறுத்திவிட்டு இடது ரேடியல் பாருங்கள், தொடை அதற்கு அப்புறம்.

லேப்_சிஸ்டர்:
ஷீத் எடுத்ததும் முழங்கை வரை தடவிப் பாருங்கள். பேண்டுக்கு (மணிக்கட்டை அழுத்தும் காற்றுப் பட்டை) மேலே வீக்கம் என்றால் கசிவு மணிக்கட்டில் இல்லை, பேண்டில் காற்று கூட்டிப் பயனில்லை. வீங்கிய இடத்தில் பி.பி. கஃப் கட்டி, சிஸ்டாலிக்குக்கு (பி.பி.யின் மேல் எண்) 20 குறைவாக ஊதி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை தளர்த்திப் பார்க்க வேண்டும். விரல் மரத்துப்போய், நீட்டினால் உயிர்போகிற வலி வந்தால் சர்ஜனைக் கூப்பிடுங்கள். புதுவையிலிருந்து அன்றே நெல்லிக்குப்பம், பண்ருட்டி பஸ் ஏறுகிறவர்களுக்கு இதைக் கையோடு சொல்லி அனுப்புங்கள்.

கடலூர்_கேத்டெக்:
முழங்கை சுத்தமாகத் தாண்டி, வயர் அசெண்டிங்குக்கு (இதயத்திலிருந்து ஏறும் பெருந்தமனி) வராமல் திரும்பத் திரும்ப டிசெண்டிங்கிலேயே (கீழே இறங்கும் பகுதி) விழுந்தால், சார்?

புதுவை_ஆஞ்சியோ:
லுசோரியாவை (வலது கைத் தமனி இடம் மாறிக் கிளம்பும் பிறவி மாறுபாடு) சந்தேகியுங்கள். வலது சப்கிளேவியன் (கைக்குப் போகும் பெரிய தமனி) பெருந்தமனி வளைவின் கடைசிக் கிளையாகக் கிளம்பி, உணவுக்குழாய்க்குப் பின்னால் சுற்றி வரும். மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்லி, கதீட்டர் நுனியை அசெண்டிங் பக்கம் திருப்பி வயர் விடுங்கள். சிலருக்கு வரும். வரவில்லை என்றால் இடது கைதான். ரிப்போர்ட்டில் எழுதிவிடுங்கள், அடுத்த முறை வேறு லேபில் அதே வலது கையைக் குத்தாமல் இருப்பார்கள்.